இரண்டு பக்கமும் ஒரே சத்தம்

மாட்டுத் தீவனக் கடைக்காரர் கொடுத்த பெட்டியின் மூடியைக் கழற்றியதும் மூன்று கரப்பான்கள் மேசையில் இறங்கி ஓடின. உள்ளே போர்டு முழுவதும் அவற்றின் எச்சம், மிளகை நுணுக்கித் தூவியது போலக் கிடந்தது. ஒரு மூலையில் வரிசையாக முட்டைக்கூடுகள். எல்லாவற்றிலும் கடலைப் புண்ணாக்கு வாடை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகச் சுரண்டி எடுத்தேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது யோசித்தால், அந்தப் பெட்டியால் நான் பட்ட அருவருப்பில் கரப்பான்களுடையதுதான் சுத்தமானது.

அந்த மாதிரிப் பெட்டியை நாங்கள் டேக் என்போம். கம்ப்யூட்டரிலும் போனிலும் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. அந்த எண்களை ஆம்ப்ளிஃபயருக்குப் புரிகிற மின் அலையாக மாற்றிக் கொடுப்பது டேக்கின் வேலை. ஒரு டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். ஒவ்வொரு போனுக்குள்ளும் சின்னதாக ஒன்று உண்டு. அதுவே போதும் என்று நிம்மதியாகப் பாட்டுக் கேட்பவர்கள்தான் உலகத்தில் முக்கால்வாசிப் பேர். போதாது என்று நினைக்கிற மிச்சப் பேரில் நானும் ஒருவனாக இருந்தேன். ஒரு டேக்கை இன்னொன்றோடு ஒப்பிடுவது, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரை மாற்றுவது, ஐ.சி.யை மாற்றுவது, மறுபடி ஒப்பிடுவது என்று ஏழெட்டு வருஷம் போயிருந்தது.

என் பிழைப்பு இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ். வீடு விளாங்குடியில். வேலை பெரும்பாலும் தல்லாகுளம் பக்கத்து அலுவலகங்களிலும் வக்கீல்கள் வீடுகளிலும். அப்படி ஒரு வக்கீல் வீட்டுக்கு பேட்டரி மாற்றப் போன இடத்தில்தான் மாடியில் அவர் வைத்திருந்த ஸ்பீக்கர்களைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். அவரும் என்னை உட்காரச் சொன்னார். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் அங்கே போக ஆரம்பித்தேன்.

நாங்கள் நாலு பேர். வக்கீல் அறுபதை நெருங்குகிறவர். அவரோடு கல்லூரியில் படித்தவர் தீவனக் கடைக்காரர். கடையும் வீடும் திருமங்கலத்தில். மூன்றாவது ஆள் ஒரு பல் டாக்டர், டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருந்த பாய் வீட்டுப் பிள்ளை, என்னைவிட வயதில் சின்னவர். நாலாவது நான். ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அவர்கள் பெட்டிகளை எல்லாம் நான்தான் திறப்பேன்.

வக்கீலின் அந்த அறையைச் சொல்ல வேண்டும். ஜன்னல்களை ஃபோம் வைத்து அடைத்து, மேலே கனத்த திரை போட்டிருந்தார். சுவரெல்லாம் முட்டை அட்டை போன்ற ஃபோம். ஏசி ஓடும். ஆனால் காற்று மாறாது. ஃபோம் வாடை, கழற்றிப்போட்ட காலுறை வாடை, சந்தன ஊதுபத்தி வாடை மூன்றும் சேர்ந்து ஏறிக் கிடக்கும். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் ஒருவர் உட்கார்ந்து கண்ணை மூடுவார். மற்ற மூன்று பேரும் பின்னால் நின்று அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். வருவதெல்லாம் யூட்யூப்பில் வெள்ளைக்காரர்கள் பேசுகிற சொற்களின் தோலை உரித்த தமிழ்தான். "மேடை அகலமாகுது." "பின்னணி கறுப்பா இருக்கு." "குரலுக்கு உடம்பு வந்திருச்சு." எனக்கு அந்தப் பேச்சு அப்போதே கொஞ்சம் கூசும். ஆனாலும் என் முறை வரும்போது நானும் அதையே பேசினேன்.

கடைக்காரர் தன் டேக்கை மாற்றித் தரச் சொன்னது போன வருஷம் கோடையில். "தம்பி, வக்கீலு வெளிநாட்டுப் பெட்டி வாங்கிட்டு ரொம்ப அலட்டுறான். என்னோடதை அதுக்குமேல கொண்டாந்துரு, பாப்போம்" என்றார். எனக்கும் ஆசை வந்தது. பாட்டு பெட்டியை விட்டுக் கடைசியாக வெளியேறும் இடத்தில், அலையை வடிகட்டிப் பெருக்குகிற பகுதி ஒன்று இருக்கும். அதற்குப் பதிலாக நானே புதிதாக ஒரு சின்ன போர்டு செய்து, அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மரும் வைத்தேன். பழைய வழியைப் பிடுங்கி எறியவில்லை. பெட்டியின் பின்னால் ஒரு சுவிட்ச் பொருத்தினேன். மேலே தூக்கினால் புது போர்டு வழியாகச் சத்தம் வரும், கீழே இறக்கினால் பழைய வழியாக வரும். உட்கார்ந்த இடத்திலேயே ஒப்பிட்டுவிடலாம்.

வேலை முடிந்த சனிக்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை. காலையில் கரண்ட் போவதற்கு முன்னால் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அதன் இரண்டு பக்கத்தையும் ஒரு துண்டுக் கம்பியால் ஒன்றாக இணைத்து, பழைய வழியையே இரண்டுக்கும் கொடுத்துப் பார்த்தேன். புது போர்டிலிருந்து வரும் வயர் எதிலும் பட்டுவிடக் கூடாது என்று நுனியில் கறுப்பு டேப் ஒட்டி ஓரமாக வளைத்துவிட்டேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம் கரண்ட் வந்தபோது ஒரு ஆஸ்பத்திரி யுபிஎஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டு வேர்த்து ஊறி வந்திருந்தேன். சுவிட்சை மேலே போட்டேன், பாட்டு வந்தது. கீழே போட்டேன், பாட்டு வந்தது. மூடியைத் திருகி மூடிவிட்டேன்.

மறுநாள் வக்கீலின் மாடியில் கடைக்காரர் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். தொடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு பழைய வயலின் கச்சேரிப் பதிவைப் போட்டோம். நான் பெட்டிக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து சுவிட்சை ஆட்டினேன்.

"இது கீழ. பழசு," என்றேன். "இப்ப மேல போடுறேன். புதுசு."

கடைக்காரரின் முகம் மலர்ந்தது. "இந்தா வருது பாரு. வில்லு நரம்புல உரசுறது அம்புட்டும் தெரியுது தம்பி. மறுபடி கீழ போடு." போட்டேன். "செத்துப்போச்சு. பாத்தியா வக்கீலு, செத்துப்போச்சு."

அடுத்து வக்கீல் உட்கார்ந்தார். மூன்று நான்கு முறை மாற்றிப் போடச் சொன்னார். "பழசுல ஒரு திரை தொங்குது. புதுசுல அது விலகிருது" என்று தீர்ப்புச் சொன்னார். தன் வெளிநாட்டுப் பெட்டியை அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். எனக்கு மனசு குளிர்ந்தது.

நானும் உட்கார்ந்தேன். கடைக்காரர் சுவிட்சை ஆட்டினார். எனக்கும் கேட்டது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. மேலே போட்டபோது மிருதங்கத்தின் இடது பக்கம் கனமாக வந்தது. கீழே போட்டால் தகரம் போல ஆனது. காதால் கேட்டேன். "தோலோட ஈரம் கேக்குதுண்ணே" என்றுகூடச் சொன்னேன்.

கடைசியாக டாக்டர். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்றார். போட்டேன். "எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் கேக்குது."

வக்கீல் சிரித்தார். "நாள் பூராம் பல்லு ராவுற மெஷினைக் காதுக்குப் பக்கத்துல வச்சிருந்தா காது என்னத்துக்கு ஆகும் டாக்டரே?"

எல்லோரும் சிரித்தோம். டாக்டரும் சேர்ந்து சிரித்தார், காது மடல் சிவந்துபோய். நான் அவர் தோளில் கை வைத்து, "பழகப் பழகத் தெரியும் டாக்டர். அவசரப்படாதீங்க" என்றேன். அந்தக் குரலை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாய்க்குள் புளிக்கிறது.

கிளம்பும்போது கடைக்காரர் பெட்டியை மறுபடி என் கையில் கொடுத்தார். "எல்லாம் பிரமாதம். இந்த நீல லைட்டு மட்டும் கண்ணைக் குத்துது. மங்கலா ஆக்கிக் குடு."

விளாங்குடிக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டு மூடியைத் திறந்தேன். விளக்குக்குப் போகும் வழியில் ஒரு ரெசிஸ்டரை மாற்ற வேண்டும், ஐந்து நிமிஷ வேலை. முதலில் கண்ணில் பட்டது கறுப்பு டேப். புது போர்டின் வயர் டேப் ஒட்டிய நுனியோடு ஓரத்தில் வளைந்து கிடந்தது, நான் விட்டது விட்டபடி. சுவிட்சின் இரண்டு பக்கத்தையும் அந்தத் துண்டுக் கம்பி சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. மேலே தூக்கினாலும் கீழே இறக்கினாலும் வந்தது பழைய சத்தம்தான். என் போர்டிலிருந்து ஒரு துளி ஓசைகூட அன்று யார் காதுக்கும் போகவில்லை.

மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். தெரிந்ததைத்தான் மீட்டரும் சொன்னது. நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிருதங்கத்தின் ஈரத்தை எங்கிருந்து கேட்டேன்? ஏழெட்டு வருஷமாக எதை எதையெல்லாம் இப்படிக் கேட்டேன்? மாற்றிப் போட்ட ஒவ்வொரு கெப்பாசிட்டரும் நினைவுக்கு வந்தது. தட்டில் பாதி தின்ற பிறகு சோற்றுக்குள் புழுவைப் பார்த்தவன் போல இருந்தது. இனிமேல் துப்பி என்ன ஆகப்போகிறது.

சரி செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். துண்டுக் கம்பியை எடுத்துவிட்டு, புது போர்டின் வயரைச் சுவிட்சில் பற்றவைத்து, பாட்டைப் போட்டேன். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது. நான் உள்ளே வைத்த டிரான்ஸ்ஃபார்மர் போர்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததால் வந்த இரைச்சல். அதைப் போக்க வேண்டுமென்றால் உள்ளே எல்லாவற்றையும் கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும். ஒரு வாரம் பிடிக்கும். ஏன் தாமதம் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும். சொன்னால் அன்று மூன்று பேரும் கேட்டது என்ன என்ற கேள்வி வரும்.

நான் செய்தது இதுதான். புது வயரை மறுபடி கழற்றினேன். நுனியில் புதிதாக டேப் ஒட்டினேன். துண்டுக் கம்பியைப் பழைய இடத்திலேயே திரும்பப் பற்றவைத்தேன். முதல் தடவை மறந்தது மறதி. இந்தத் தடவை பளபளப்பாக, அழகாகப் பற்றவைத்தேன். நீல விளக்கையும் மங்கலாக்கிவிட்டு மூடியை மூடினேன்.

அடுத்த ஞாயிறும் அதே பெட்டிதான் ஓடியது. கடைக்காரர் விளக்கைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். டாக்டரை மறுபடி நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வக்கீலே போய் சுவிட்சை ஆட்டினார். மூன்று முறை ஆட்டிய பிறகு டாக்டர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆமா சார். இப்பத் தெரியுது. மேல போட்டா நல்லா இருக்கு."

"அப்பிடி வாங்க வழிக்கு," என்று வக்கீல் அவர் முதுகில் தட்டினார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வக்கீல் வீட்டு உளுந்த வடை கையில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. கடிக்க முடியவில்லை. யாரும் பார்க்காதபோது பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அறையில் உண்மையைச் சொன்ன ஒரே காதை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாரத்தில் நசுக்கிவிட்டோம். மற்றவர்களாவது அறியாமல் செய்தார்கள்.

அன்று வக்கீல் தன் வெளிநாட்டு டேக்கையும் என் கையில் கொடுத்தார். "இதுக்கும் அதே மாதிரி ஒரு சுவிட்ச் வச்சிருங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்து பீரோவுக்குள் வைத்தேன். பீரோவைத் திறக்க வேண்டி வந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் துணியை மட்டும் எடுப்பேன்.

அதற்கும் அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை, கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ. உன்னைய ஒன்னு கேக்க வைக்கணும். போன்ல சொல்றதில்ல."

"வாரேண்ணே," என்று சொல்லிவிட்டு மதியம் பஸ் பிடித்துத் திருமங்கலம் போனேன். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்கும் கடைக்கும் நடுவே பருத்திக்கொட்டை மூட்டைகள் அடுக்கிய அறையில்தான் அவர் ஸ்பீக்கர்களை வைத்திருந்தார். டேக் ஒரு மர ஸ்டூலில், சுத்தமான துண்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்.

அவருடைய அண்ணன் வெகுகாலம் வளைகுடாவில் வேலை பார்த்தவர். அந்த நாட்களில் கடிதத்துக்குப் பதிலாக அம்மாவின் பேச்சைக் கேசட்டில் பதிந்து அனுப்புவார்களாம். அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அண்ணன் வைத்திருந்த ஒரு கேசட்டை வாங்கி, யாரிடமோ கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றியிருந்தார். அதைப் போட்டார்.

இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். எருமை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. மழை இல்லை. தெற்குக் கிணற்றில் மோட்டார் அரை மணிதான் ஓடுகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே தண்ணி எப்படி. பேச்சு முடிந்த பிறகும் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"பேசி முடிச்சிட்டு மெசினை எப்பிடி நிப்பாட்டுறதுன்னு ஆத்தாவுக்குத் தெரியாது. நான் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கும்," என்றார். "இந்த எடத்துல வெறும் இரைச்சல்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீ மாத்திக் குடுத்தப்பறம் மேல போட்டுக் கேட்டா, வெத்தலை மெல்லுற சத்தம் கேக்குது தம்பி. அதுக்குப் பெறகு ஒரு பெருமூச்சு. கேளு, இந்தா, இப்ப."

கேட்டேன். இரைச்சல்தான் கேட்டது. அதற்குள் ஏதோ அசைந்தது போலவும் இருந்தது. என் காதை நான் நம்பும் நிலையில் இல்லை.

"கேக்குதுல்ல?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இந்தப் பெரிய உடம்புக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ செஞ்சது எம்புட்டுப் பெரிய காரியம்னு உனக்குத் தெரியாது."

சாப்பிட வைத்துத்தான் அனுப்புவேன் என்றார். இலை போட்டு அவர் மனைவி கோழிக்குழம்பு ஊற்றினார். எதிரே அவரும் உட்கார்ந்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஒரு வாய்கூட எடுக்காமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்தச் சுவிட்ச் வேலை செய்யல. புது போர்டை நான் இணைக்கவே இல்ல. மேல போட்டாலும் கீழ போட்டாலும் உங்க பழைய சத்தம்தான்."

"வெளங்கல."

மறுபடி சொன்னேன். அவர் எழுந்து கை கழுவினார். "தெறந்து காட்டு."

ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் என் பையில் இருக்கும். பருத்திக்கொட்டை அறையில் மூடியைக் கழற்றிக் காட்டினேன். டேப் ஒட்டிய வயரை அவர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் ஞாயித்துக்கெழமை மத்தியானமே."

"தெரிஞ்சேதான் மூடிக் குடுத்தியா?"

"ஆமாண்ணே."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மூடியை மூடச் சொன்னார். மறுபடி அந்தப் பதிவைப் போட்டார். குரல் முடிந்து வெறும் டேப் ஓடும் இடம் வந்ததும் சுவிட்சை மேலே போட்டார், கீழே போட்டார். பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். அவர் மனைவி வாசல்படியில் நின்றார். பலமுறை கேட்ட பிறகு கடைக்காரர் ஸ்பீக்கரைப் பார்த்தபடியே சொன்னார்.

"கேக்கல."

"அண்ணே, சத்தம் எதுவும் மாறல. அன்னைக்கு என்ன வந்துச்சோ அதேதான் இப்பவும் வருது."

"அது தெரியுது. எனக்குக் கேக்கலைங்கிறேன்."

நான் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டேன்.

"ஒன்னு, அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்றார். "இல்ல, சாகுற வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும். இப்ப வந்து சொல்றியே தம்பி." பிறகு மனைவியிடம், "தம்பி சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் போய்விட்டார்.

அந்த அம்மா என் இலைக்கு எதிரே வந்து நின்றார். ஆறிப்போன குழம்பில் எண்ணெய் ஏடு கட்டியிருந்தது. நான் உட்கார்ந்து தின்றேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றேன். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டதற்கு ரசம் போதும் என்றேன். அந்த மனிதரின் அம்மாவின் மூச்சைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, அவர் வீட்டு ரசத்தை உறிஞ்சிக் குடித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது என் விரல்களில் கோழிக்குழம்பு வாடை போகவே இல்லை. மற்றதையெல்லாம் எப்படியாவது நியாயப்படுத்தினாலும் அந்தச் சாப்பாட்டை என்னால் இன்றுவரை நியாயப்படுத்த முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வக்கீலின் டேக்கைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு தல்லாகுளம் போனேன். கடைக்காரர் வரவில்லை. வக்கீலிடமும் டாக்டரிடமும் நடந்ததைச் சொன்னேன், அது எனக்கு எப்போது தெரிந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டு. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்தச் சுவிட்ச் என்ன சுவிட்ச்? நல்ல சரக்கா?" என்றார்.

"நல்லதுதான் சார். வெள்ளி கான்டாக்ட்."

"அதான்," என்றார். "மேல் பக்க கான்டாக்ட் வேற, கீழ்ப் பக்க கான்டாக்ட் வேற. ரெண்டும் ஒன்னா தேய்ஞ்சிருக்காது. நாங்க கேட்டது அந்த வித்தியாசத்தை. உங்களுக்கு நல்ல காது, தம்பி. அதை நீங்களே நம்ப மாட்டேங்கிறீங்க."

நான் விளக்க முயன்றேன். துண்டுக் கம்பி இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கியிருந்தது, எந்தப் பக்கம் போட்டாலும் ஓடுவது ஒரே மின்சாரம் என்றேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. ஊதுபத்தியை மாற்றிக் கொளுத்தினார். ஒரு தப்பைத் தப்பென்று காட்டினால்கூட அதற்குச் சட்டத்தில் ஒரு பிரிவு கண்டுபிடித்துக் காப்பாற்றிவிடுகிற மனிதர். அந்த அறையின் வாடை அன்று தொண்டை வரை ஏறியது. அந்த அருவருப்பில் பாதி அவரைப் பார்த்து. மீதிப் பாதி, அவர் சொன்ன விளக்கத்தை ஒரு விநாடி நானே நம்ப ஆசைப்பட்டதைப் பார்த்து.

டாக்டர் என்னோடு இறங்கி வந்தார். கீழே ஸ்கூட்டரை எடுக்கும்போது, "அண்ணே, ரெண்டாவது வாரம் தெரியுதுன்னு சொன்னேன்ல, அது பொய். எனக்கு ஒன்னும் தெரியல" என்றார்.

"தெரியும் டாக்டர்."

"தெரியும்னா? அப்பவே தெரியுமா?"

அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அவர் சாவியைத் திருப்பாமல் நின்றார்.

"நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் என்னையப் பார்த்து தலையாட்டுனீங்களா?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, போறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அவருடைய கிளினிக் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவையும் உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை. பல் வலித்தபோது வேறு டாக்டரிடம் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அதோடு விட்டேன். வீட்டில் என்னிடம் இருந்த டேக்குகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியாதபடி கம்ப்யூட்டரே கலைத்துப் போடுகிற மாதிரி வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் உட்கார்ந்து, ஒலிப்பது எந்த டேக் என்று ஊகித்து எழுதினேன். காசைச் சுண்டிவிட்டு எழுதியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். இப்போது பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் பாட்டுக்கு முன்னால் என் காதுதான் வந்து உட்கார்கிறது, ஒரு பொய்ச் சாட்சி மாதிரி. பெரும்பாலும் நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் வீட்டு வாசலில் தீவன வேன் நின்றது. கடைக்காரர் இறங்கி வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பையை நீட்டினார்.

"உள்ள வாங்கண்ணே."

"இருக்கட்டும். கடைக்குப் போகணும்." பைக்குள் அந்த டேக் இருந்தது. "ஏதாவது பண்ணிக் குடு தம்பி. என்ன பண்ணணும்னு நான் சொல்ல மாட்டேன். பண்ணிட்டு, பண்ணியாச்சுன்னு மட்டும் சொல்லு. என்ன பண்ணினேன்னு சொல்லாத. நான் கேட்டாலும் சொல்லாத."

"அண்ணே, நான் பண்றதுனால..."

"சொல்லாதங்கிறேன்ல."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

பத்து நாள் வேலை செய்தேன். டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்கு வெளியே தனியாக எடுத்து வைத்து முனகலைப் போக்கினேன். புது போர்டை முறையாக இணைத்து ஒவ்வொரு புள்ளியையும் மீட்டர் வைத்துச் சரிபார்த்தேன். பாட்டுப் போட்டுக் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது கேட்டுவிடும் என்று பயமாக இருந்தது. சுவிட்சைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடினேன்.

போன் செய்ததும் அவரே வேனில் வந்தார். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ரப்பர் அடைப்பானைக் கட்டை விரலால் அழுத்தினார்.

"பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சுண்ணே."

மேலே ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பிரேக் போட்டால் விழாமல் இருக்க ஒரு காலிச் சாக்கை மடித்து அண்டை கொடுத்தார். வேன் திண்டுக்கல் ரோட்டில் திரும்பியது. உள்ளே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. நானும் அழைத்துக் கேட்கவில்லை.